தூசிப் பிரிப்பானுக்கு ஷீட்: வாங்குவதும் வளைப்பதும்

மரப்பட்டறைக்கு வாக்குவம் கிளீனர் வாங்கியவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஒரு கதவுச் சட்டம் இழைத்து முடிப்பதற்குள் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. இழுவிசை குறைகிறது, மோட்டார் கத்துகிறது, தூசி பழையபடி மூக்குக்கு வருகிறது. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே இது பட்டறையைக் கூட்டிப் பெருக்கும் விவகாரம் மட்டும் அல்ல.

தீர்வு, வாக்குவத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு பிரிப்பான். நவீன ரைஸ் மில் கூரை மேல் தகரக் கூம்பு ஒன்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். காற்று அதற்குள் வட்டமாகச் சுழலும்போது கனமான உமி சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழுகிறது, காற்று நடுவழியே மேலே போய்விடுகிறது. 1885-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற யோசனை இது. நாம் செய்யப்போவது அதன் குட்டையான வடிவம்: கூம்புக்குப் பதிலாக, பிறை வடிவில் பிளவு வெட்டிய ஒரு தட்டு. ஃபில் தீன் என்ற அமெரிக்க மரவேலைக்காரர் பரப்பியதால் உலகம் முழுக்க இதை ‘தீன் தட்டு’ என்கிறார்கள். தத்துவம் இவ்வளவு போதும்.

பலகை வேலை உங்களுக்குத் தெரியும். தடுமாற வைப்பது சுற்றுச் சுவர். அது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் தூசி சுழல்கிறதா, அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். அதற்கான பிளாஸ்டிக் ஷீட்டைத் தேடுவது, வெட்டுவது, வளைப்பது ஆகியவைதான் இந்த அத்தியாயம்.

ஷீட் தேடும் முன்: இது மரத்தூளுக்கு மட்டும்

நம் இருக்கன்குடியிலிருந்து சாத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாசு ஆலையோ தீப்பெட்டி ஆலையோ கண்ணில் படும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது அங்கே வேலை பார்ப்பார்கள். “நம்ம ஷெட்டுலயும் பொடி பறக்குது, இதையே ஒண்ணு செஞ்சு குடுங்களேன்” என்று யாராவது கேட்கவும் கூடும். கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

காரணங்கள் மூன்று. சாதாரண வாக்குவம் மோட்டாரில் கார்பன் பிரஷ் சுழலும் இடத்தில் பொறி பறந்துகொண்டே இருக்கிறது. உலர்ந்த பொடி பிளாஸ்டிக் குழாயில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. மருந்துப் பொடிக்குத் தேவையான எரிபொருளும் உயிர்வளியும் அதற்குள்ளேயே இருக்கின்றன, வெளிக்காற்றே வேண்டாம். பட்டாசு ஆலை அறைகளில் உள்ளே போகும் முன் கை வைத்து மின்னேற்றத்தை இறக்க, நிலத்தோடு இணைத்த செம்புத் தகடு பதிப்பதும் பருத்தி உடை உடுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடி விபத்தில் எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பதை இந்தப் பகுதிக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே:

1. கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி, கரிப்பொடி, தீக்குச்சி மருந்து ஆகிய எதையும் இந்தப் பிரிப்பானால் இழுக்காதீர்கள். கீழே சிந்தியதை அள்ளக்கூட வேண்டாம்.
2. கிரைண்டரில் இரும்பு தேய்த்த பொறியை இதே வாளிக்குள் இழுக்காதீர்கள். மரத்தூளில் விழுந்த பொறி புகையாமல் உள்ளுக்குள் கனன்று, நீங்கள் கடையைப் பூட்டிப் போன பிறகு பற்றும்.
3. ஆலையில் உடுத்திய உடையோடு பட்டறையில் வேலை செய்ய வேண்டாம்.

பழைய டிரம், பழைய ஷீட்

பழைய சாமான் கடையில் நீல டிரம், வெள்ளை டப்பா, தகர டின் என்று வரிசையாகக் கிடக்கும். விலை மலிவு, வாய் அகலம். வேறு ஊரில் இருந்தால் நானே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இந்த வட்டாரத்தில் அந்த டிரம் முன்பு எதைச் சுமந்தது என்பது தெரியாமல் தொடக்கூடாது.

தீக்குச்சி முனை மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. பட்டாசில் வெடியுப்பு சேர்கிறது, முன்பு பேரியம் நைட்ரேட்டும் சேர்ந்துவந்தது. இவை தாமாக எரியாது. எரியும் பொருளோடு சேர்ந்தால் அதை வெறிகொண்டு எரிய வைக்கும். நுண்ணிய மரத்தூள் நல்ல எரிபொருள். குளோரேட் ஒட்டியிருக்கும் டிரம்முக்குள் மரத்தூளைச் சுழல விட்டால் நீங்களே மருந்து கலக்குகிறீர்கள் என்று அர்த்தம். தீப்பெட்டிப் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸ் இன்னும் மோசம். அது குளோரேட்டோடு சேர்ந்தால் லேசான உரசலே போதும். கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. மூடியின் மடிப்பிலும் கைப்பிடியின் அடியிலும் கழுவாத இடம் எப்போதும் மிச்சமிருக்கும். ஆலைகளிலிருந்து வெளியே வரும் பழைய பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் தார்ப்பாய்க்கும் இதே விதிதான்.

வாங்கத் தகுந்தது: உங்கள் கண் எதிரே காலியான எமல்ஷன் பெயிண்ட் வாளி. தெரிந்த பெயிண்டரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். எனாமல், தின்னர் இருந்த வாளி வேண்டாம். தகர வாளி கிடைத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் வாளியைவிட அது எளிதில் உள்வாங்காது, நிலத்தோடு இணைக்கவும் முடியும். வாயின் உள்விட்டம் 290 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து எடுங்கள்.

எந்த ஷீட்?

சுருக்கமாகச் சொன்னால், 1.5 மி.மீ. கனமுள்ள கெட்டிப் பாலிகார்பனேட். மற்றவை ஏன் வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

அக்ரிலிக்: பெயர்ப்பலகைக் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். பளபளப்பு அழகு, ஆனால் வளைக்காமல் இருக்கும் வரைதான். சூடு காட்டாமல் வளைக்க வேண்டுமென்றால் கனத்தைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு ஆரம் வேண்டும். 3 மி.மீ. ஷீட்டுக்கு அது 900 மி.மீ. நமக்கு வேண்டியதோ 150. சூடு காட்டி வளைக்க 150 டிகிரிக்கு மேல் ஒரே சீரான வெப்பம் தேவை. வீட்டு அடுப்பில் காட்டினால் ஒரு பக்கம் கொப்புளிக்கும், மறுபக்கம் முறியும், கூடவே தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

கடின பி.வி.சி., பி.இ.டி. ஷீட்: சிவகாசி அச்சகங்களில் டைரி அட்டைக்கும் அட்டைப்பெட்டி ஜன்னலுக்கும் பயன்படும் தெளிவான ஷீட். 0.3, 0.5 மி.மீ. கனத்தில் கிடைக்கும். வளைப்பது சுலபம், ஆனால் வாக்குவம் போட்டதும் உள்வாங்கிவிடும். வார்ப்பு வெட்ட, ஒத்திகை பார்க்க வாங்கிக்கொள்ளுங்கள், சுவருக்கு வேண்டாம்.

இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட்: கார் ஷெட் கூரைக்குப் போடும், உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட். தூள் அந்தக் குழல்களுக்குள் புகுந்துகொள்ளும். கடைக்காரர் ‘பாலிகார்பனேட்’ என்றால் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பார்.

20 லிட்டர் தண்ணீர் கேன்: பலர் கேட்பதால் சொல்கிறேன். சுற்றிலும் உள்ள வரிப்பள்ளங்கள் சுழலும் காற்றைக் கலைத்துவிடும். ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம்.

பாலிப்ரொப்பிலின், எச்.டி.பி.இ.: வளையும், உடையாது, ஆனால் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, உள்ளே தெரியவும் தெரியாது.

கெட்டிப் பாலிகார்பனேட்டைக் கனத்தைப் போல் 100 மடங்கு ஆரம் வரை சூடு இல்லாமலே வளைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 1.5 மி.மீ. கனத்துக்கு 150 மி.மீ. ஆரம், அதாவது 300 மி.மீ. விட்டம். நம் அறைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. 2 மி.மீ. எடுத்தால் 400 மி.மீ. விட்டம் தேவைப்படும். 1 மி.மீ. நன்றாக வளையும், ஆனால் இழுவிசை தாங்காது.

கடையில்

சிவகாசி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டியில் பெயர்ப்பலகை செய்பவர்களிடமும் கூரை ஷீட் விற்பவர்களிடமும் முதலில் கேளுங்கள். முழு ஷீட் 8க்கு 4 அடி. நமக்கு வேண்டியது 1 மீட்டருக்கு 20 செ.மீ. துண்டுதான். முழு ஷீட் வாங்கத் தேவையே இல்லை. வெட்டி மிஞ்சிய நீளத் துண்டுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளூரில் 1.5 மி.மீ. இல்லையென்றால் மதுரைதான். ஆடி கடைசி வெள்ளியை ஒட்டிப் போகாதீர்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ரோடு நகராது, பேனர் வேலையில் இருக்கும் கடைக்காரருக்கு உங்கள் துண்டைத் தேடித்தரவும் பொறுமை இருக்காது.

கேட்க வேண்டியது இப்படி: “அண்ணாச்சி, கூரைக்குப் போடுற குழல் ஷீட் வேண்டாம். கெட்டிப் பாலிகார்பனேட், ஒண்ணரை எம்.எம்., ரெண்டு பக்கமும் பேப்பர் உரிக்காதது. கட்டிங் துண்டு இருந்தா போதும்.”

எடுத்துக் கொடுத்ததைச் சோதிக்க:

1. மூலையை 90 டிகிரி மடக்கிப் பார்க்கக் கேளுங்கள். பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் ‘டக்’கென முறியும். முறிந்தால் கண்ணுக்குத் தெறிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.
2. சின்னத் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலின் வகையறா. பாலிகார்பனேட், அக்ரிலிக், பி.வி.சி. எல்லாம் மூழ்கும்.
3. கனத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். ‘ஒண்ணரை’ என்று சொல்லி விற்பது 1.2 ஆக இருப்பதுண்டு.
4. கொளுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். அது பி.வி.சி.யாக இருந்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும். இந்த ஊரில் கடைவீதியில் எதையும் கொளுத்திப் பார்ப்பது நல்ல பழக்கமும் இல்லை.

வாங்கியதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வண்டியில் கட்டாதீர்கள். தட்டையாக அட்டை வைத்துக் கட்டி எடுத்து வாருங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிமேல் வளைந்தபடி கிடந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும்.

பலகை வேலை: ரவுட்டர் இல்லாமல் பள்ளம்

வேண்டியவை: 12 மி.மீ. பிளைவுட்டில் 380 மி.மீ. சதுரம் இரண்டு, 6 மி.மீ. பிளைவுட்டில் அதே அளவு இரண்டு, 8 மி.மீ. மரை போட்ட கம்பி 180 மி.மீ. நீளத்தில் நான்கு, நட்டு வாஷர்கள், 40 மி.மீ. பி.வி.சி. பைப்.

ஷீட்டின் விளிம்பு மேலும் கீழும் ஒரு பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். ரவுட்டர் இருந்தால் வேலை எளிது. இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி:

1. 6 மி.மீ. பலகையில் 300 மி.மீ. வட்டம் வரையுங்கள். மெல்லிய ஜிக்சா பிளேடால் கோட்டின் மேலேயே, நிற்காமல் ஒரே சுற்றாக அறுங்கள். பிளேடு உள்ளே போக ஒரு சின்னத் துளை போதும்.
2. இப்போது ஒரு வட்டமும் அதன் வெளிச்சட்டமும் கிடைக்கும். இடையே பிளேடு தின்ற இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இருக்கும். அதுவே பள்ளம்.
3. இரண்டையும் 12 மி.மீ. பலகைமேல் அதே நிலையில் பெவிகால் போட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது ஷீட் துண்டுகள் நாலைந்தை இடைவெளியில் சொருகி வைத்தால் பள்ளம் சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கும். பசை வழிந்து பள்ளத்தை நிரப்புவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. காய்வதற்குள் ஷீட் துண்டை உருவிக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வழித்துவிடுங்கள்.
4. இதேபோல் இன்னொன்று. ஒன்று மேல்தட்டு, மற்றது அடித்தட்டு.
5. மேல்தட்டின் நடுவில் 40 மி.மீ. துளை. வெளியேறும் பைப் அதன் வழியாக இறங்கி, அடித்தட்டுக்கு 20 முதல் 25 மி.மீ. மேலே நிற்க வேண்டும்.
6. அடித்தட்டில் பிறைப் பிளவு. நடுப்புள்ளியிலிருந்து 144 மி.மீ. ஆரத்திலும் 116 மி.மீ. ஆரத்திலும் இரண்டு வளைகோடு வரைந்து, இடைப்பட்ட 28 மி.மீ. பகுதியை 240 டிகிரி அளவுக்கு அறுத்து எடுங்கள். மிச்சம் 120 டிகிரி கெட்டியாக இருக்கட்டும். பள்ளத்துக்கும் பிளவுக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. விளிம்பு மிஞ்சும். அதுதான் ஷீட்டை உட்பக்கம் சாயாமல் தாங்கப்போகிறது. அதை அறுத்துவிடாதீர்கள், அதன் உள்மூலையை மட்டும் உப்புத்தாளால் சரிவாக்குங்கள்.

ஷீட்டை வெட்டுதல்

அளவு: நீளம் 940 மி.மீ., உயரம் 112 மி.மீ. (கண்ணுக்குத் தெரிவது 100, பள்ளத்துக்குள் மேலும் கீழும் 6). சுற்றளவுக் கணக்கு 942 வரும், 2 மி.மீ. குறைத்தது வேண்டுமென்றேதான். இந்த ஷீட் ஒரு மீட்டருக்கு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 2 மி.மீ. நீளும். தகரக் கூரைப் பட்டறையில் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு இருக்கும். இடைவெளி விடாமல் பொருத்தினால் கோடையில் ஷீட் நடுவில் பிதுங்கும்.

1. மேலே ஒட்டியுள்ள காகிதத்தை உரிக்காதீர்கள், அதன்மேலேயே கோடு போடுங்கள். ஒரு பக்கக் காகிதத்தில் வெயில் தாங்கும் பக்கம் என்று அச்சிட்டிருந்தால் அது வெளிப்புறம்.
2. 1.5 மி.மீ.யைத் தகரம் வெட்டும் கத்திரியாலேயே வெட்டலாம். கத்திரியின் வாயை முழுதும் மூடாமல், முக்கால் பங்கு மூடி மூடி நகர்த்துங்கள். முழுதும் மூடிய இடத்தில் சின்னக் கீறல் விழும். ஜிக்சா என்றால் நெருக்கமான பல்லுள்ள பிளேடு, ஷீட்டை இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிப் பிடித்து.
3. அக்ரிலிக் போலக் கீறி மடக்கி உடைக்கப் பார்க்காதீர்கள். பாலிகார்பனேட் உடையாது, மடிந்து வெண்கோடு விழும்.
4. நான்கு விளிம்பையும் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். நகத்தை ஓட்டினால் எங்கும் இடறக்கூடாது. வளைத்த ஷீட்டில் விரிசல் எப்போதும் விளிம்பின் ஒரு கீறலிலிருந்துதான் கிளம்பும்.
5. அதே ஷீட்டில் 60 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இணைப்புக்கு அது தேவை.

நுழைவுத் துளை: வளைக்கும் முன்பா, பின்பா?

முன்பே. வளைத்த ஷீட்டில் துளை போடுவது ட்ரில் பிட் கையை இழுத்துக்கொண்டு போகும் வேலை.

பைப் சுவருக்கு நேராகக் குத்திக்கொண்டு போகாமல் சுவரைத் தழுவியபடி நுழைய வேண்டும். அப்படிச் சாய்ந்து நுழையும்போது துளை வட்டமாக இருக்காது, நீண்ட முட்டை வடிவில் இருக்கும். 300 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. பைப்புக்கு அதன் நீளம் சுமார் 110 மி.மீ., உயரம் 40.

1. தடித்த காகிதத்தில் சுவரின் முழு நீளத்துக்கும் ஒரு பட்டை வெட்டி, பள்ளத்துக்குள் நிறுத்துங்கள். பைப்பை வெளியிலிருந்து தழுவ வைத்து, படும் இடத்தைக் கோடு போட்டு வெட்டி வெட்டிப் பொருத்துங்கள். சிவகாசியில் வாங்கிய மெல்லிய ஷீட் இருந்தால் அதில் செய்யுங்கள், காகிதத்தைவிட நன்றாக நிற்கும்.
2. துளை உயரத்தில் நடுவில் இருக்கட்டும், ஷீட்டின் இரு முனைகளிலிருந்தும் குறைந்தது 150 மி.மீ. தள்ளி. இணைப்பும் துளையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பலம் போய்விடும்.
3. வார்ப்பைச் சரிபார்த்த பிறகே ஷீட்டில் வரையுங்கள். இரு முனைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டு, அவற்றை ஜிக்சாவால் இணையுங்கள். கூர்மூலை எங்கும் கூடாது.
4. ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள், அடியில் மரக்கட்டை வைத்து. வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

வளைத்தல்

இதற்கு நெருப்பு வேண்டாம், ஹீட் கன்னும் வேண்டாம். பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரம் குடித்து வைத்திருக்கும். உலர்த்தாமல் சூடு காட்டினால் உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கும்.

1. கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், கையுறையும். பாதி வளைத்த ஷீட் கையை விட்டு விடுபட்டால் முகத்தில் அறையும். கூட ஓர் ஆள் இருப்பது நல்லது.
2. உள்பக்கக் காகிதத்தையும், பள்ளத்துக்குள் போகும் விளிம்போரக் காகிதத்தையும் உரியுங்கள். மற்றது வேலை முடியும்வரை இருக்கட்டும்.
3. இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல நெருக்குங்கள். முழு நீளமும் சீராக வளைய வேண்டும். ஒரே இடத்தில் மடங்கத் தொடங்கினால் விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள்.
4. வளையத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் பட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு ஷீட்டைக் கீறும், டியூப் கீறாது. முனைகள் ஒன்றோடொன்று முட்டும் நிலையில் நிழலில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டின் திமிறல் கொஞ்சம் அடங்கும்.
5. மறுநாள் அடித்தட்டின் பள்ளத்தில் இறக்குங்கள். நுழைவுத் துளைக்கு நேர் கீழே கெட்டிப் பகுதி வரும்படி திருப்பி வையுங்கள். பிளவு நேர் கீழே இருந்தால் வரும் காற்று வாளிக்குள் பாய்ந்து, விழுந்த தூளையும் கிளப்பிவிடும்.
6. இறக்கும்போது ஷீட் தானே வெளிப்பக்கம் விரிந்து பள்ளத்தின் சுவரில் ஒட்டி நிற்கும். இந்த விரிப்புதான் வட்டத்தை வட்டமாக வைத்திருக்கிறது. ஷீட் போக மறுத்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். பள்ளத்தை உப்புத்தாள் மடிப்பால் ஒரு சுற்று தேயுங்கள்.

இணைப்பு: முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் பள்ளத்தில் இரட்டைக் கனம் நுழையாது. ஆகவே முனையோடு முனை, 2 மி.மீ. இடைவெளி விட்டு, வெளியே அந்த 60 மி.மீ. பட்டை. ஒரு பக்கம் 4 மி.மீ. போல்ட்டுக்குச் சரியான துளை, மறுபக்கம் நீள அசைவுக்காக 5.5 மி.மீ. துளை. போல்ட்டின் தலை உள்ளே, நட்டும் அகலமான வாஷரும் வெளியே. நட்டை விரலால் இறுக்கி, ஸ்பானரால் அரைச் சுற்று. அதற்குமேல் போனால் துளையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடுகள் நட்சத்திரமாகக் கிளம்பும். கிளம்பினால் அந்தத் துண்டு முடிந்தது.

குறிப்பு: இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசை வாங்கும்போது ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். திறந்ததும் வினிகர் வாடை அடிப்பது பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். அதே காரணத்துக்காகக் கைக்கறை, பேனாக் கோடு எதையும் தின்னராலோ பெட்ரோலாலோ துடைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கூம்பு வடிவமே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: கூம்பின் கீழ்முனை 100 மி.மீ. விட்டத்துக்குக் குறுகும்போது இந்த ஷீட் ஒத்துவராது. தகர வேலை செய்பவரிடம் ஜி.ஐ. தகட்டில் கொடுத்துவிடுங்கள். அவர் கை அரைநாளில் செய்துவிடும் வேலை அது.

பூட்டுதல்

1. மேல்தட்டை ஷீட்டின் மேல் இறக்கி, நான்கு மூலைக் கம்பிகளையும் மாறி மாறி, எதிர் எதிர் மூலையாக இறுக்குங்கள்.
2. பள்ளங்களில் வெளிப்புறமாக மட்டும் சிலிக்கான் ஓட்டுங்கள்.
3. நுழைவு பைப்பை அடித்தட்டில் திருகிய ஒரு மரத்தொட்டிலில் படுக்க வைத்துப் பட்டையால் கட்டுங்கள். ஹோஸை இழுக்கும்போதெல்லாம் பாரம் ஷீட்டின் மேல் விழக்கூடாது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பைச் சுவரோடு சமமாக வெட்டித் தேய்த்துவிடுங்கள்.
4. வாளி மூடியின் நடுவை வெட்டி எடுத்து, விளிம்பு வளையத்தை மட்டும் அடித்தட்டின் கீழே சிலிக்கானும் குட்டை ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். இனி மொத்த அமைப்பும் வாளியில் மூடிபோல் அமரும்.

இழுவிசை அடைத்துக்கொண்டால்

ஹோஸ் வாயை ஒரு மரச்சீவல் அடைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. நல்ல வாக்குவம் ஒன்று அடைபட்ட நிலையில் 20 கிலோபாஸ்கல் வரை இழுக்கும். 300 மி.மீ. வட்டத்தின்மேல் அது சுமார் 140 கிலோ பாரம். இரண்டு ஆள் மூடிமேல் ஏறி நின்றதற்குச் சமம். பிளாஸ்டிக் வாளி நசுங்கிவிடும், ஷீட் உள்வாங்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும்.

ஆகவே மேல்தட்டில் ஒரு பாதுகாப்பு வால்வு. 25 மி.மீ. துளை போட்டு, அதை உட்பக்கமிருந்து 35 மி.மீ. வாஷரால் மூடுங்கள். வாஷர் நடுவே ஒரு போல்ட் மேலே வரட்டும். துளைக்குக் குறுக்கே வெளியே ஓர் இரும்புப் பட்டை, போல்ட் அதில் உள்ள துளை வழியே ஏறி, பட்டைக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங். இழுவிசை கூடினால் வாஷர் கீழே இறங்கி வெளிக்காற்று உள்ளே வரும். இதை மேல்தட்டைப் பூட்டும் முன்பே செய்யுங்கள். அளவு சரியா என்று பார்க்க, தட்டை உயர்த்திப் பிடித்து வாஷரிலிருந்து அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். லேசாகத் திறந்தால் சரி. திறக்கவில்லையென்றால் நட்டைத் தளர்த்துங்கள்.

குத்தும் மின்சாரம்

இந்த வறண்ட காற்றில் ஹோஸைத் தொட்டால் சுள்ளென்று குத்தும். தோல் உரித்த செம்புக் கம்பி ஒன்றை நுழைவு பைப்பில் தொடங்கி, சுவரின் வெளியே சுற்றி, தகர வாளியில் இறக்கி, பட்டறையின் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள். கம்பி தொடும் இடத்திலிருந்துதான் வடியும், மொத்தமும் வடியாது. குத்தல் குறையும், அவ்வளவே. கம்பி கட்டியதால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று முன்சொன்ன பொடிகளை இழுக்கத் துணிய வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

1. வாக்குவத்தை ஓடவிட்டு ஹோஸ் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடுங்கள். வால்வு திறக்கும் சத்தம் கேட்க வேண்டும்.
2. ஊதுபத்தி வைத்துக் கசிவு பார்க்காதீர்கள். மெல்லிய நூலிழையை இணைப்புகளின் ஓரமாகப் பிடியுங்கள். உள்ளே இழுபடும் இடத்தில் இன்னும் சிலிக்கான்.
3. அளந்த ஒரு படி மரத்தூளை இழுத்து, வாளியைத் திறந்து திரும்ப அளந்து பாருங்கள். பெரும்பகுதி வாளியில் இருக்க வேண்டும். ஃபில்டரில் நிறைய ஏறியிருந்தால் நடு பைப் அதிகம் இறங்கியிருக்கிறது அல்லது வாளியின் வாயில் காற்று புகுகிறது. முதலில் வாளி வாயைப் பாருங்கள், பத்துக்கு எட்டுத் தடவை அங்கேதான் குற்றம்.
4. தெளிவான சுவர் வழியே பார்த்தால் தூள் ஒரு பட்டையாகச் சுற்றி ஓடுவது தெரியும். அது கலைந்து மேகமாக மாறினால் வாளி நிரம்பிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு வரும்போதே கொட்டிவிடுங்கள்.

மிக நுண்ணிய தூள் எந்தப் பிரிப்பானிலும் முழுதாக நிற்காது. எம்.டி.எஃப். அறுக்கும்போதும் உப்புத்தாள் இயந்திரம் ஓட்டும்போதும் என்95 முகக்கவசம் போடுங்கள். கொட்டிய மரத்தூளை அன்றன்றே மூடியுள்ள தகர டின்னில் போட்டு, பட்டறைக்கு வெளியே, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் வையுங்கள். பக்கத்தில் ஆலையோ மருந்துக் கிடங்கோ இருந்தால் அந்த இடத்தில் மரத்தூளைக் கொளுத்தவே வேண்டாம். செங்கல் சூளைக்காரரோ கோழிப்பண்ணைக்காரரோ சாக்கு சாக்காக எடுத்துக்கொள்வார்கள். கோழிப்பண்ணைக்குக் கொடுப்பதானால் பிளைவுட், எம்.டி.எஃப். தூள் கலக்காத சுத்தமான மரத்தூளை மட்டும் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.